முடிச்சூரில் ஒரு சைக்கிள் வாங்கியது

தாம்பரம் மேற்கில் ஷேர் ஆட்டோ.
ஒன்பதாவது ஆளாக ஒட்டிக்கொண்டவள்
கடைசியில் ஒற்றை ஆளாய் மிஞ்சினேன்.
'இதுக்கு மேல வண்டி போகாதும்மா.'
போகும். ரோடு நன்றாகத்தான் இருந்தது.
திரும்பி வரச் சவாரி கிடைக்காது, அதுதான்.

'நீங்கள் சேருமிடம் வந்துவிட்டீர்கள்' என்றது
கைப்பேசிக்குள் இருக்கும் பெண்.
காலி மனை.
சீமைக்கருவேலம், ஒரு எருமை,
'இந்த இடம் விற்பனைக்கு அல்ல' என்ற பலகை,
அதன் காலில் யாரோ ஒட்டிய
'வீட்டுமனைகள் விற்பனைக்கு.'

புதுப்பேட்டைக்காரி நான்.
பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் யாராவது
ஏதாவதொரு காரின் கதவைப் பெயர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.
சுத்தியல் நின்றால்
ஜும்ஆ நேரம் என்று தெரியும்.
இல்லாவிட்டால் போலீஸ்.

இங்கே, மத்தியானம் இரண்டரைக்கு,
ஒரு குக்கர் விசில் அடித்தது.
எந்த வீடு என்று எனக்கே தெரிந்தது.
பூட்டிய கேட், பூட்டிய கேட்,
உறை போட்ட கார்,
யாரும் பறிக்காத செம்பருத்தி.
பயிற்சி விமானம் ஒன்று
தலைக்கு மேல் வட்டம் போட்டுக் கற்றுக்கொண்டிருந்தது.

தாட்சாயணி நைட்டிமேல் துண்டைப் போட்டபடி வந்தாள்.
கேட்டைத் திறக்கும்முன்பே பேச ஆரம்பித்திருந்தாள்.
'அமைதியான ஏரியான்னுதான் வாங்கினோம்.
இப்போ அமைதி கொஞ்சம் ஜாஸ்தி.'
கணவர் ஒரகடத்தில், ஷிப்ட்.
மகள் மிருணாளினி நாமக்கல்லில், நீட் ஹாஸ்டல்.
மாடிப்படிக்குக் கீழே சைக்கிள்.
கத்தரிப்பூ நிறம், முன்பக்கம் கூடை,
கூடையில் பாதி உரிந்த ஒரு மீன் ஸ்டிக்கர்.
'வெள்ளம் வடிஞ்ச அடுத்த மாசம் வாங்கினது.
தெருவுல காலே வைக்க மாட்டேன்னு அழுதா.
அதுக்காக.'

ஹாலில் மூன்று சுவர் ரோஸ்.
நான்காவதுக்கு மட்டும் பெயின்ட் இல்லை.
பென்சில் கோடுகள்: ஐந்து வயது, ஆறு, ஏழு.
ஏழுக்கு ஒரு சாண் மேலே
சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
பழுப்பாய் ஒரே நேர்க்கோடு.
ஸ்கேல் வைத்தாலும் அப்படி வராது.
எட்டு அதற்குக் கீழே.
ஒன்பதும்.
பத்து கிட்டத்தட்ட.
பதினொன்று வயதில்தான் தாண்டியிருக்கிறாள்.
பக்கத்தில் ஒரு டிக்,
டீச்சர் போடுவதுபோல் பெரிதாக.

ஆயிரத்து இருநூறு கேட்டிருந்தாள்.
எண்ணூறில் ஆரம்பிக்கலாம் என்று
ரயிலெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தவள் நான்.
வாய் வரவில்லை. முழுசாய் எண்ணிக் கொடுத்தேன்.
அவளாகவே நூறைத் திருப்பித் தந்தாள்,
'டயர் மாத்தணும்ல.'

கேட் மூடிய சத்தம்.
பிறகு எதுவும் இல்லை.
இருபதடி ரோடு, நேராக,
வெயிலைத் தவிர எதிரில் யாருமில்லாமல்.
எங்கள் தெருவில் சைக்கிளைத் தள்ளலாம், ஓட்ட முடியாது.
'எங்க ஓட்டுவேன்?' என்று ஸஃபூரா கேட்டபோது
'ஞாயித்துக்கிழமை, கடை திறக்கிறதுக்கு முன்னாடி' என்றிருந்தேன்.
நான் பதினொரு வயதில் கற்றேன்.
பன்னிரண்டில் போதும் என்றார்கள்.

புர்காவின் ஓரத்தைச் சுருட்டி இடுப்பில் செருகினேன்.
முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் இடித்தன.
முதல் மூன்று வீடு வரைக்கும் கோணல்.
நான்காவது வீட்டில் நேரானேன்.
நிழலில் கிடந்த நாய் ஒரு கண்ணைத் திறந்து
போ போ என்பதுபோல் மூடிக்கொண்டது.
எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
மணி அடித்தேன், வழிவிட யாருமில்லாதபோதும்.
இரண்டாவது முறை,
வழிவிட யாருமில்லை என்பதற்காகவே.

மெயின் ரோட்டில் தண்ணீர் லாரி திரும்பியது.
பிரேக் பிடித்து, பிடிக்காமல், மணல் குவியலில் நின்று,
இறங்கி, உடுப்பைச் சரிசெய்து,
குழந்தைக்கு சைக்கிள் வாங்கிப் போகும் அம்மாவாய்த்
தள்ளிக்கொண்டு நடந்தேன்.

வெண்டர் பெட்டியில் கீரைக்கட்டுகளுக்கு நடுவே
குரோம்பேட்டை தாண்டும்போது அவள் செய்தி:
'பிரேக் கொஞ்சம் லேட்டாதான் பிடிக்கும்.
சொல்ல மறந்துட்டேன்.'

'தெரியும்' என்று அனுப்பினேன்.